கெட்டுப்போனால் எந்தப் பக்கம் சாயும்?

ஒரு பொருளை வாங்கும்போது நாம் கேட்கிற கேள்வி, நல்லா உழைக்குமா என்பதுதான். அதை வடிவமைக்கிறவர் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: உழைத்து ஓய்ந்து, கெட்டுப்போகிற அன்றைக்கு இது என்ன செய்யும்? ரப்பர் காயும், ஸ்பிரிங் தளரும், கயிறு அறும், துளை அடைத்துக்கொள்ளும். கெடவே கெடாத பொருளை யாராலும் செய்துவிட முடியாது. ஆனால் கெடும்போது ஆளுக்கு ஆபத்தில்லாத பக்கமாகக் கெடும்படி ஏற்பாடு செய்ய முடியும். பொறியியலில் இதை ஃபெயில் சேஃப் என்பார்கள். இயந்திரவியலில் அழகான விஷயங்கள் நிறைய உண்டு. எனக்கு எல்லாவற்றுக்கும் மேலாகப் படுவது இதுதான். தான் பார்த்தே இராத ஒருவரின் கை சுடக்கூடாது, கால் நசுங்கக்கூடாது என்று எங்கோ உட்கார்ந்து ஒருவர் யோசித்திருக்கிறார்.

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய கணக்கெல்லாம் வேண்டாம். காரைக்குடியில் ஒரு வீட்டு அடுப்படி, வாசலில் நிற்கிற கார், பேருந்து நிலையத்தில் ஒரு பேருந்து. இவற்றைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் போதும்.

அடுப்படியிலிருந்தே தொடங்குவோம். குக்கரில் பருப்பு வேகிறது. நீராவி உள்ளே அடைபட்டு அழுத்தம் ஏறுகிறது. வீட்டுக் குக்கருக்குள் இருக்கும் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அதிகம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை சூடேறும். பருப்பு சீக்கிரம் வேகிற ரகசியம் அவ்வளவுதான். ஒரு கிலோ என்று கேட்கும்போது சின்னதாகத்தான் தோன்றும். மூடியின் குறுக்களவு 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். பரப்பு 314 சதுர செ.மீ. அப்படியானால் மூடியை வெளியே தள்ளுகிற விசை 314 கிலோ. ஆறு சிமென்ட் மூட்டைகளின் பாரம், ஒரு அலுமினியப் பாத்திரத்துக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கிறது.

இதைக் கட்டுக்குள் வைத்திருப்பது மூடி மேல் நாம் மாட்டுகிற அந்தச் சின்ன வெயிட். நீராவி வெளியேறும் துளை 3 மி.மீ. அகலம் என்று கொண்டால், அதன் பரப்பு 7 சதுர மி.மீ. அந்தச் சிறிய இடத்தின் மேல் நீராவி தள்ளுகிற விசை ஏறக்குறைய 70 கிராம்தான். ஆக, 70 கிராம் எடையுள்ள ஒரு வெயிட்டை அதன் மேல் வைத்தால், அழுத்தம் ஒரு கிலோவைத் தாண்டும் நொடியில் அது தானாகத் தூக்கிக்கொள்ளும், நீராவி வெளியேறும், அழுத்தம் குறைந்ததும் மறுபடி உட்காரும். நாம் ‘மூணு விசில்’ என்று எண்ணுவது இந்த ஏறி இறங்குதலைத்தான்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வெயிட்டுக்குப் பதில் ஸ்பிரிங் வைத்திருக்கலாமே? வைக்கலாம். ஆனால் ஸ்பிரிங் நாளடைவில் தளரும், துருப்பிடிக்கும். வெயிட்டை அழுத்திப் பிடித்திருப்பது பூமியின் ஈர்ப்பு. அது தளராது, துருப்பிடிக்காது, அதற்குக் கரண்டும் வேண்டாம். எதை நம்பி ஒரு பாதுகாப்பைக் கட்டுகிறோமோ அது எவ்வளவு உறுதியானது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. இந்த யோசனை இன்று நேற்று வந்ததல்ல. தெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் லண்டனில் எலும்பையும் மெத்தென்று வேகவைக்கிற மூடிய பாத்திரம் ஒன்றைச் செய்துகாட்டினார். பாத்திரம் வெடித்துவிடாமல் இருக்க, நெம்புகோலில் எடை தொங்கவிட்ட வால்வு ஒன்றையும் அவரே அதற்குப் பொருத்தினார். பின்னாளில் வந்த நீராவிக் கொதிகலன்கள் எல்லாம் அந்த வால்வுக்குக் கடன்பட்டவை.

வெயிட் கெடாது, சரி. துளை அடைத்துக்கொண்டால்? பருப்பு நுரைத்துப் பொங்கும்போது தோலும் பருக்கையும் அந்த 3 மி.மீ. துளைக்குள் போய்ச் சிக்குவது அடிக்கடி நடக்கிற சமாசாரம். அப்போது வெயிட் என்ன கனம் இருந்தும் பயனில்லை. அதற்காகத்தான் மூடியில் இன்னோர் இடத்தில் பொட்டு மாதிரி ஒரு சேஃப்டி வால்வு இருக்கிறது. அதன் நடுவில் இருப்பது சீக்கிரம் உருகிவிடும் ஓர் உலோகக் கலவை. அழுத்தத்தைத் தடுக்க வேண்டிய இடத்தில் சூட்டுக்கு உருகுகிற உலோகத்தை ஏன் வைத்தார்கள்? மூடிய பாத்திரத்தில் நீராவியின் அழுத்தமும் சூடும் கைகோத்துத்தான் ஏறும். ஒரு கிலோ அழுத்தத்தில் 120 டிகிரி. அது இரண்டு கிலோ ஆனால் சுமார் 133 டிகிரி. எனவே குறிப்பிட்ட சூட்டில் உருகும் உலோகத்தை வைத்துவிட்டால், அதுவே அழுத்தத்தையும் கண்காணித்த மாதிரி ஆகிவிடுகிறது. கூடவே ஒரு லாபமும் உண்டு. தண்ணீர் ஊற்ற மறந்து வெறும் குக்கர் அடுப்பில் காய்ந்தாலும், அழுத்தம் ஏறாமலே சூடு மட்டும் ஏறினாலும், அப்போதும் இது உருகி வழிவிடும். ஒரு சொட்டு உலோகம் இரண்டு வேலை பார்க்கிறது.

இந்த இரண்டும் ஒன்றையொன்று நம்பியில்லை என்பதைக் கவனியுங்கள். வெயிட்டின் துளையை அடைத்த அதே பருப்பு, வேறிடத்தில் இருக்கிற உலோகத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஒரே காரணத்தால் இரண்டு காவலும் சேர்ந்து விழுந்துவிடக் கூடாது என்பது இந்தத் துறையின் பால பாடம்.

குக்கரில் எனக்கு மிகவும் பிடித்தது உள்மூடி வகை. ஹாக்கின்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: மூடியைச் சாய்த்து உள்ளே விட்டு, மேலே இழுத்து மாட்ட வேண்டும். மூடி பாத்திரத்தின் வாய்க்கு உள்பக்கம் இருப்பதால், அந்த 314 கிலோ விசை மூடியைப் பறக்கவிடப் பார்க்காமல், விளிம்போடு இன்னும் இறுக்கமாக அழுத்துகிறது. அழுத்தம் கூடக்கூடப் பூட்டும் கூடுகிறது. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை எந்தப் பலசாலியாலும் அதைத் திறக்க முடியாது. அடங்கிய பிறகு குழந்தையே திறந்துவிடலாம். அவசரத்தில் திறக்கப் போகிற ஆளை எச்சரிக்கக்கூடத் தேவையில்லை. எந்த விசை நம்மைக் கெடுக்க வந்ததோ அதையே காவலுக்கு நிறுத்திவிடுவது. இதைவிடச் சுருக்கமாக ஃபெயில் சேஃப் என்பதை விளக்க என்னால் முடியாது.

அதே அடுப்படியில் கேஸ் சிலிண்டரையும் ஒருமுறை பாருங்கள். ரெகுலேட்டரைக் கழற்றியதும், சிலிண்டர் வாயின் நடுவில் ஒரு சின்ன ஊசி தெரியும். ரெகுலேட்டர் உட்கார்ந்து அந்த ஊசியைக் கீழே அழுத்தினால்தான் கேஸ் வரும். எடுத்துவிட்டால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் ஊசியை மேலே தள்ளி வழியை அடைத்துவிடும். மூட மறப்பது மனித சுபாவம். அதனால் மூடுகிற வேலையை மனிதரிடம் விடாமல் ஸ்பிரிங்கிடம் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது காருக்கு வருவோம். ரேடியேட்டர் மூடி என்பது வெறும் மூடி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் (எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மட்டும்) உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு தெரியும். குக்கர் வெயிட் செய்கிற அதே வேலைதான் இதற்கும். எஞ்சினைச் சுற்றி ஓடுகிற தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருந்தால் அது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. எஞ்சினின் சூட்டை அதிகமாக வாங்கிக்கொள்ளும். மூடி மேல் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். அதுதான் வால்வு திறக்கும் அழுத்தம். தாண்டினால் தண்ணீர் பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போகும். எஞ்சின் ஆறி உள்ளே வெற்றிடம் உண்டாகும்போது, மூடியின் நடுவில் இருக்கிற இன்னொரு குட்டி வால்வு எதிர்ப்பக்கம் திறந்து அந்தத் தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஸ்பிரிங் தளர்ந்தால்? சீக்கிரமே திறந்துவிடும், தண்ணீர் குறையும், சூட்டு முள் ஏறி நமக்குச் சேதி சொல்லும். ஆனால் ரேடியேட்டர் வெடிக்காது.

சித்திரை வெயிலில் மானாமதுரைச் சாலையில் பானட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கிற கார்களைப் பார்க்கலாம். எஞ்சின் கொதித்ததும் அந்த மூடியைத் துணி சுற்றித் திறக்கப் போகிறவர்கள் உண்டு. உள்ளே இருப்பது அழுத்தத்தால் மட்டுமே அடங்கியிருக்கிற, 100 டிகிரிக்கு மேலான தண்ணீர். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும். அத்தனை தண்ணீரும் ஒரே நேரத்தில் கொதித்து மேலே பாயும். இதை எதிர்பார்த்துத்தான் அந்த மூடியை இரண்டு கட்டமாகத் திறக்கும்படி செய்தார்கள். கொஞ்சம் திருப்பினால் முதல் பள்ளத்தில் நிற்கும். அழுத்தம் பக்கக் குழாய் வழியே வெளியேறும். பிறகு அழுத்தித் திருப்பினால்தான் முழுசாகக் கழலும். அவசரக்காரரின் கைக்கும் நீராவிக்கும் நடுவே வைத்த ஒரு சின்னத் தாமதம் இது. இருந்தாலும், கொதிக்கிற எஞ்சினில் அந்தத் தாமதத்தை நம்பாதீர்கள். அரை மணி நேரம் நிழலில் உட்காருங்கள்.

அதே குளிர்விப்பு ஏற்பாட்டில் எதிர்மாறான ஓர் உதாரணமும் இருக்கிறது. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு வால்வு உண்டு. அதற்குள் மெழுகு இருக்கிறது. சூடானால் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். மெழுகு கசிந்து போய்விட்டால் திறப்பதற்கு ஆளில்லை. ஸ்பிரிங் மூடியே வைத்திருக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாது, எஞ்சின் வெந்துபோகும். கெடும்போது தப்பான பக்கம் சாய்கிற வடிவமைப்பு என்பது இதுதான். இதற்குப் பயந்துதான் நம் ஊர்ப் பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிடுகிற வழக்கம் வந்தது. கழற்றினால் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வரவே நேரமாகும், டீசலும் அதிகம் குடிக்கும். அதற்குப் பதில், கெட்டால் திறந்தபடியே நின்றுவிடுகிற தெர்மோஸ்டாட்டுகளும் செய்யப்பட்டிருக்கின்றன. பல கார்களில் சூட்டை அளக்கும் சென்சார் கெட்டுப்போனால், கம்ப்யூட்டர் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டுவிடும். ‘எனக்குத் தெரியவில்லை, ஆகவே சூடு அதிகம் என்றே வைத்துக்கொள்கிறேன்’ என்று முடிவெடுக்கிற இயந்திரம்! காரணமில்லாமல் ஃபேன் ஓயாமல் ஓடுகிறதே என்று சலித்துக்கொள்ளும்போது இதை நினைவில் வையுங்கள்.

பிரேக்கில் இந்தத் தத்துவம் முழு உருவம் எடுத்து நிற்கிறது. காரைக்குடி பேருந்து நிலையத்தில் விடிகாலை முதல் வண்டி கிளம்புவதற்கு முன் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டுவிட்டு டிரைவர் சும்மா உட்கார்ந்திருப்பார். “என்னண்ணே, கிளம்பலையா?” என்றால், “இருங்க தம்பி, ஏர் ஏறட்டும்” என்பார். அவர் பார்த்துக்கொண்டிருப்பது டேஷ்போர்டில் இருக்கிற காற்றழுத்த முள்ளை. அது போதுமான அளவுக்கு ஏறாமல் வண்டி நகராது. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உருண்டையான டப்பா ஒன்று இருக்கிறதல்லவா, அதற்குள் மிகப் பலமான ஒரு ஸ்பிரிங் சுருண்டிருக்கிறது. பிரேக்கைப் பிடிக்க வைப்பது அந்த ஸ்பிரிங். காற்றின் வேலை, அந்த ஸ்பிரிங்கைப் பின்னால் தள்ளிப் பிரேக்கை விடுவிப்பது. ஆகவே குழாய் வெடித்தாலும், கம்ப்ரசர் நின்றாலும், காற்று கசிந்து தீர்ந்தாலும் ஸ்பிரிங் பாய்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். டிரைவர் கை பிரேக் போடும்போது ‘புஸ்’ என்று கேட்கிறதே, அது காற்றை வெளியே விட்டு ஸ்பிரிங்கை அதன் வேலைக்கு அனுப்புகிற சத்தம். ஓடும்போது காலால் மிதிக்கிற பிரேக் காற்றால்தான் பிடிக்கிறது. ஆனால் அந்தக் காற்று இல்லாமல் போகிற அன்றைக்கு ஸ்பிரிங் காத்திருக்கிறது.

அந்த டப்பாவை மெக்கானிக்குகள் மரியாதையோடு அணுகுவார்கள். சுருண்ட ஸ்பிரிங்கை நீளமான ஒரு போல்ட்டால் கட்டிப்போடாமல் திறந்தால் ஆளையே கொன்றுவிடும். காப்பாற்றுகிற விசையும் விசைதான்.

இந்த ஏற்பாட்டின் முன்னோடியை ரயிலில் பார்க்கலாம். அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் முதல் காற்றுப் பிரேக்கைச் செய்தபோது அது நேரடியாக இருந்தது: பிரேக் பிடிக்க வேண்டும் என்றால் எஞ்சினிலிருந்து குழாய் வழியே காற்றை அனுப்ப வேண்டும். குழாய் அறுந்தால் பிரேக் கிடையாது. நடுவில் கொக்கி கழன்று ரயில் இரண்டாகப் பிரிந்தால், பின்பாதி தன் போக்கில் ஓடும். 1872-இல் அவரே அதைத் தலைகீழாக்கினார். ரயில் முழுவதும் ஓடுகிற குழாயில் எப்போதும் காற்றழுத்தம் இருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் தனியாக ஒரு காற்றுத் தொட்டி. குழாயில் அழுத்தம் குறைந்தால், அந்தந்தப் பெட்டியின் தொட்டியே தன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். குழாய் அறுந்தாலும் பிடிக்கும், பெட்டி பிரிந்தாலும் பிடிக்கும். காரைக்குடியிலிருந்து சென்னை போகும் பல்லவனில் அபாயச் சங்கிலியை இழுத்தால் நடப்பதும் இதுதான்: சதுர செ.மீ.க்கு 5 கிலோ அழுத்தம் உள்ள குழாயிலிருந்து காற்று வெளியேறுகிறது, அவ்வளவே. அதே குழாய், அதே காற்று. எது ஓய்வு நிலை, எது முயற்சி செய்து அடைய வேண்டிய நிலை என்பதை மாற்றிப்போட்டார். நிறுத்துவதற்கு முயற்சி வேண்டியிருந்த இடத்தில், ஓடுவதற்கு முயற்சி வேண்டும் என்று ஆக்கினார். இருநூறு பக்கப் பாடம் படித்தாலும் மனதில் நிற்க வேண்டியது இந்த ஒரு திருப்பம்.

லிஃப்டில் எலிஷா ஓட்டிஸ் செய்ததும் இதுவே. 1854-இல் நியூயார்க் பொருட்காட்சியில், தான் நின்றிருந்த மேடையின் கயிற்றை எல்லார் முன்னிலையிலும் வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. கயிற்றின் இழுவிசை ஒரு வில்ஸ்பிரிங்கை வளைத்துப் பிடித்திருந்தது. கயிறு போனதும் ஸ்பிரிங் விரிந்து இரண்டு பக்கத் தண்டவாளப் பற்களிலும் போய் மாட்டிக்கொண்டது.

டயர் மாற்றும்போது போடுகிற திருகு ஜாக்கியில் ஸ்பிரிங்கும் இல்லை, வால்வும் இல்லை. கைப்பிடியைச் சுற்றினால் கார் எழும்புகிறது. கையை எடுத்தால் அப்படியே நிற்கிறது. ஏன் காரின் பாரம் திருகைத் திருப்பிச் சுற்றிக் கீழே இறங்குவதில்லை? திருகின் சரிவு மிகக் குறைவாக இருப்பதால், அந்தச் சரிவில் வழுக்க விடாமல் உராய்வு பிடித்துக்கொள்கிறது. இப்படிப் பிடிக்கிற திருகில், நாம் செலவழிக்கிற உழைப்பில் பாதிக்கு மேல் உராய்வில்தான் போகும். சுற்றச்சுற்றத் தோள் வலிக்கிறதே என்று அலுத்துக்கொள்ளலாம். அந்த வலிதான் கார் நம் மேல் இறங்காமல் இருக்க நாம் கட்டுகிற விலை. ஹைட்ராலிக் ஜாக்கி சுலபமாகத் தூக்கும். ஆனால் அதன் ரப்பர் சீல் கசிந்தால் கார் மெல்ல இறங்கிவிடும். அதனால்தான் காரின் அடியில் படுப்பதற்கு முன் பட்டறைக்காரர்கள் தனியாக ஸ்டாண்டு கொடுக்கிறார்கள். கொடுக்காத பட்டறையில் வேலை பார்க்கிற பையன்களை நினைத்தால் மனசு பதறுகிறது.

இரு சக்கர வண்டியில் இரண்டு கேபிள்களை ஒப்பிடலாம். ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்தால், கார்புரேட்டரில் இருக்கிற ஸ்பிரிங் காற்று வழியை மூடிவிடும். எஞ்சின் வேகம் இறங்கிவிடும். சரியான பக்கம். கிளட்ச் கேபிள் அறுந்தால்? கிளட்ச் தட்டுகளை ஸ்பிரிங் சேர்த்தே வைத்திருக்கும், பிரிக்க வழியில்லை. சிக்னலில் நிறுத்தப் போனால் வண்டி உதறிக்கொண்டு அணையும். இது முழுக்க நல்ல பக்கம் என்று சொல்ல முடியாது. கிளட்ச் பெரும்பாலான நேரம் சேர்ந்திருக்க வேண்டியது என்பதால் அப்படி வைத்தார்கள். ஓய்வு நிலையை எப்போதும் பாதுகாப்பு மட்டுமே தீர்மானிப்பதில்லை. அன்றாட வசதிக்கும் அதில் பங்கு உண்டு.

‘பாதுகாப்பான பக்கம்’ என்பதும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் நுழைந்தால், எனாமல் தூக்குகளுக்கும் தேக்குத் தூண்களுக்கும் நடுவே கனத்த இரும்புப் பெட்டகங்கள் கண்ணில் படும். கொண்டுவிற்கப் போய்ப் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை வைத்த ஊர் அல்லவா? பெட்டகத்தைப் பொறுத்தவரை கெட்டால் பூட்டியபடியே கெட வேண்டும். இன்றைய வங்கிப் பெட்டகங்கள் சிலவற்றில் பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தகடு இருக்கும். திருடன் துளை போட்டால் கண்ணாடி உடையும். அது பிடித்திருந்த ஸ்பிரிங்குகள் விடுபட்டு, கூடுதல் தாழ்கள் விழுந்து நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். இதற்கு நேர்மாறாக, ஒரு கல்யாண மண்டபத்திலோ அலுவலகத்திலோ காந்தப் பூட்டு வைத்த கதவு, கரண்டு போனால் திறந்துகொள்ள வேண்டும். தீப்பிடிக்கும்போது கரண்டு போய்விடலாம். உள்ளே இருப்பவர்கள் வெளியே வர வேண்டும். காப்பாற்றப்பட வேண்டியது பணமா, ஆளா என்று முதலில் முடிவு செய்துகொண்டுதான் ஸ்பிரிங்கை எந்தப் பக்கம் வைப்பது என்று யோசிக்க முடியும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் கதவு செய்கிறவர்களிடம் நான் கோபப்படுவேன்.

இன்னொரு வகை, வேண்டுமென்றே பலவீனமாகச் செய்வது. டிராக்டரின் பின்னால் மாட்டுகிற ரோட்டவேட்டர் பலவற்றில் ஷியர் போல்ட் என்று ஒன்று இருக்கும். நிலத்தில் கல்லோ வேரோ மாட்டி இழுத்தால் முதலில் அறுவது அதுதான். சில ரூபாய் போல்ட் போய், கியர் பாக்ஸ் பிழைக்கும். வீட்டு ஃபியூஸும் இதே ஜாதி. மிக்ஸியின் அடியில் இருக்கிற சிவப்புப் பொத்தானைக்கூட இந்த வரிசையில் சேர்க்கலாம். இட்லி மாவைக் கெட்டியாகப் போட்டு ஆட்டினால் மோட்டார் திணறும்; பொத்தான் துள்ளி வெளியே வரும்; மிக்ஸி நின்றுவிடும். ஆறிய பிறகும் தானாக ஓடாது. நாம் குனிந்து அழுத்த வேண்டும். ஜாருக்குள் கரண்டியோ விரலோ இருக்கிற நேரத்தில் அது தானாகக் கிளம்பிவிடக் கூடாதல்லவா?

இவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாடுகளை நாம் சுலபமாகத் தோற்கடித்துவிடுகிறோம். இதைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேசி முடிக்க முடியாது. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த செப்புக் கம்பியைக் கட்டுகிறோம். ஷியர் போல்ட் அறுகிறது என்று கடினமான போல்ட்டைத் தேடிப் போடுகிறோம். குக்கரின் சேஃப்டி வால்வு உருகிவிட்டால், கடையில் வேறொரு கம்பெனி வால்வைத் திருகிக்கொள்கிறோம்; சில இடங்களில் வெறும் திருகாணியையே போட்டு அடைத்துவிடுகிறார்கள். அப்புறம் பருப்பு துளையை அடைத்தால் அந்த 314 கிலோ இருமடங்காகலாம், மும்மடங்காகலாம். போக வழி இருக்காது. ஒரு பாதுகாப்பு வேலை செய்தது என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைத் தேடாமல் பாதுகாப்பை மட்டும் எடுத்துவிடுவது, இருமலை நிறுத்த வாயைப் பொத்துகிற வேலை. குக்கருக்கு அதே கம்பெனி, அதே மாடல் வால்வுதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். மூடியைக் கழுவும்போது வெயிட் உட்காருகிற துளையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் பாருங்கள்; வெளிச்சம் தெரிந்தால் அன்றைக்குச் சமைக்கலாம். பருப்பு, பயறு வகைகளுக்குப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

இந்தப் பார்வை பழக வேண்டும் என்றால் உங்கள் வீட்டு மாடித் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரம்பினால் மிதவைப் பந்து மேலே வந்து குழாயை மூடும். அந்தப் பந்தில் ஓட்டை விழுந்தால்? பந்து மூழ்கும், குழாய் திறந்தே இருக்கும், தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். ஆக, இந்த வால்வு தப்பான பக்கம் சாய்கிறது. அதைத் தெரிந்துதான் தொட்டியின் மேல்பக்கத்தில் வழிகுழாய் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கண்மாய்களில் கலுங்கு கட்டியதும் இதே காரணத்துக்காகத்தான். மண்கரைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் கரை அரித்து உடையும். அதனால் கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் ஒரு வழி கட்டி, மிச்சத் தண்ணீரை அடுத்த கண்மாய்க்கு அனுப்பினார்கள். எந்த உயரத்தில் வழிய வேண்டும், எந்தப் பக்கம் வழிய வேண்டும், எதன் மேல் வழிந்தால் சேதமில்லை என்ற மூன்றையும் முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறார்கள்.

உங்கள் தொட்டியிலும் அந்த மூன்றையும் சரி பாருங்கள். வழிகுழாய் உள்ளே வரும் குழாயைவிடத் தடிமனாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் வருகிற வேகத்துக்கு வழியாது. அதன் வாய், தண்ணீர் கொட்டினால் வீட்டில் யார் கண்ணிலாவது படுகிற இடத்தில் இருக்க வேண்டும். கொசு வருகிறது என்று அதில் துணியைத் திணித்திருந்தால், துணியை எடுத்துவிட்டு வலை கட்டுங்கள்.